கோகிலவாணி தொடாத பாம்புகள்

கோகிலவாணிக்குப் பாம்பு என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பீர்க்கன்கரணை ஏரியைச் சுற்றியிருக்கும் தெருக்களில் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்புவதில்லை.

கத்துகிற பயம் இல்லை அது. சத்தமே வராத பயம். முழங்கால் இரண்டும் கழன்றுபோன மாதிரி ஆகும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், காதுக்குள் ரைஸ்மில் ஓடும். ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியாது. முகம் அப்படி அமைந்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில்கூட யாருடைய கல்யாணத்துக்கோ வந்தவள் மாதிரிதான் நிற்பாள். அதனால் பாம்புக்கு எதிரே அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்தவர்கள் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டார்கள். நிஜத்தில் அவளால் நகர முடியவில்லை.

மின்வாரியத்தில் அவள் கணக்கீட்டாளர். தெருக்காரர்களுக்கு 'ரீடிங் எடுக்க வர்ற மேடம்'. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மீட்டர் பெட்டியைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். மாடிப்படிக்கு அடியில், மாட்டுக்கொட்டகைச் சுவரில், முருங்கை மரத்துக்குப் பின்னால் என்று மீட்டர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பல்லி இருக்கும். பல்லி இருக்கும் இடத்துக்கு என்ன வரும் என்று வேலையில் சேர்ந்தபோது யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

சேர்ந்த இரண்டாவது மாதம் ஏரிக்கரைத் தெருவில் ஒரு வீட்டில் மரப்பெட்டியின் கதவைத் திறந்தாள். முகத்துக்கு நேரே, மீட்டரின் தலையில் துண்டு போட்ட மாதிரி, ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கோகிலவாணி கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, வாசலுக்கு வந்து, வீட்டுக்கார அம்மாளிடம், "உள்ள பாம்பு இருக்கும்மா" என்றாள்.

"ஆமா, ரெண்டு நாளா கீது" என்றாள் அந்த அம்மாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அது ஒண்ணியும் பண்ணாது. நீ ரீடிங் எடு."

அன்று அவள் ரீடிங் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணவன் சிவகுமாரிடம் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். அவன் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கிடங்கில் எலியோடு பதினோரு வருடம் குப்பை கொட்டியவன். "எது கடிக்கும், எது கடிக்காதுன்னு தெரிஞ்சுக்கோ. கடிக்கறதுக்கு மட்டும் பயப்படு. பாதி பயம் மிச்சம்" என்றான். சிவகுமார் வாழ்க்கையில் சொன்ன உருப்படியான யோசனைகளில் இது ஒன்று. கணக்குத்தான் தவறு. எல்லாம் தெரிந்த பிறகும் அவளுடைய பயம் பாதியாகவில்லை, முழுதாகவே இருந்தது. எதைப் பார்த்து நடுங்குகிறோம் என்று பெயர் மட்டும் தெரிந்தது.

முதல் பாடம் ஓர் அரசு ஆஸ்பத்திரிச் சுவரில் கிடைத்தது. மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வரிசையில் நின்றவள் எதிரே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்குதான்.

"மீதிப் பாம்பெல்லாம் எங்க சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"மீதி கடிச்சா யாரும் இங்க வரத் தேவையில்லம்மா" என்றாள் நர்ஸ்.

அந்த மீதியில்தான் கோகிலவாணியின் வேலை முழுதும் இருந்தது. வனத்துறை அனுமதியோடு பாம்பு பிடிப்பவர்களின் பட்டியலிலிருந்து எட்மண்ட் என்பவரின் எண்ணை வாங்கிக்கொண்டாள். எட்மண்ட் இரும்புலியூரில் ஒரு பார்சல் கிடங்கில் சூப்பர்வைசர். வேலை நேரம் போக மீதி நேரத்தில் பிறத்தியார் வீட்டுக் குளியலறைகளிலிருந்து பாம்புகளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டில் விடுகிறவர். அதிகம் பேச மாட்டார். அவள் பத்தடி தள்ளி நின்று, போனைப் பெரிதாக்கிப் படம் எடுத்து அனுப்புவாள். ஒரு வார்த்தையில் பதில் வரும். 'சாரை.' 'மண்ணுளி.' 'தண்ணிப்பாம்பு.' ஒரே ஒருமுறை, முடிச்சூரில் செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் எடுத்த படத்துக்கு, 'வந்துடுங்க' என்று பதில் வந்தது. அது கண்ணாடி விரியன். அதற்குள் அவள் தெருமுனை டீக்கடைக்கு வந்துவிட்டிருந்தாள்.

பத்தொன்பது வருடத்தில் அவளுக்குத் தெருவின் பெயரைச் சொன்னாலே பாம்பின் பெயர் ஞாபகம் வரும் நிலை ஏற்பட்டது. ஏரிக்கரையை ஒட்டிய தெருக்கள் தண்ணீர்ப் பாம்புக்கு. அது பார்த்த உடனே கடிக்க வரும். விஷம் கிடையாது, குணம் சரியில்லை, அவ்வளவுதான். வீடு கட்டாமல் போட்டு வைத்திருக்கும் மனைகள் சாரைக்கு. எட்டடி நீளத்துக்கு அவசரமாக எங்கோ போய்க்கொண்டிருக்கும். எலி தின்று ஊருக்கு உபகாரம் செய்கிற அதைத்தான் நல்ல பாம்பு என்று சொல்லி அதிகமாக அடித்தார்கள். நிஜமான நல்ல பாம்பு வந்தால் கற்பூரம் ஏற்றினார்கள். மணல் கொட்டிய இடத்தில் மண்ணுளி இருக்கும். நக்கினால் குஷ்டம் வரும் என்பார்கள். யாரை எப்போது நக்கியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வண்டலூர்க் காட்டுப் பக்கம் வேலிச் செடிகளில் பச்சைப் பாம்பும் கொம்பேறி மூக்கனும். கொம்பேறி மூக்கன் ஆளைக் கடித்துவிட்டு மரத்தில் ஏறி, சுடுகாட்டுப் புகை தெரிகிறதா என்று பார்க்குமாம். கோகிலவாணி பார்த்தவரையில் அது மரத்தில் ஏறி ஓணானைத்தான் பார்த்தது.

சென்னையை மூழ்கடித்த அந்தப் பெரிய வெள்ளத்தின்போது முடிச்சூரில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்த நாளில், எந்த வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கலாம் என்று பார்க்க லைன்மேன்களோடு அவளும் போனாள். ஒரு வீட்டின் ஜன்னல் கம்பியில் ஒரு நல்ல பாம்பும் ஒரு சாரையும் மூன்று தண்ணீர்ப் பாம்புகளும் சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. மொட்டை மாடியில் அந்த வீட்டுக்காரர்களும், அவர்களோடு முப்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒரே பாத்திரத்தில் உப்புமா தின்றுகொண்டிருந்தார்கள். அன்று யாரும் யாரையும் கடிக்கவில்லை.

இப்படி அவளுக்கு ஒரு பேர் வந்துவிட்டது. கீழ்க்கட்டளையில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனால், "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்கு முன்னால் மதில் மேல் கிடந்த பாம்புச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டி, "இது எது பாரு" என்றார்கள். அவள் இரண்டடி பின்னால் போய் நின்று, "சாரை" என்றாள். தொடவில்லை. இந்தப் பத்தொன்பது வருடத்தில் பாம்பை மட்டுமல்ல, பாம்புச் சட்டையைக்கூட அவள் தொட்டதில்லை.

ஏரிக்கரையில் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. பெயரில் ஏரி உண்டு. ஆறு வீடுகளிலிருந்து ஏரி தெரியும். மற்றவர்களுக்கு எதிர் பிளாக் தெரியும். அதன் சங்கச் செயலாளர் பக்தவச்சலம், அறுபத்தேழு வயது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆபீசுக்கு மட்டுமே தெரியும். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் மோட்டாரில் தொடங்கி இரவு கேட் பூட்டுவதுவரை எல்லாவற்றையும் அவரே நின்று நடத்துவார். எதைப் பற்றியும் அவரிடம் பாதி தகவல் கண்டிப்பாக இருக்கும்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஜூன் மாதம் கோகிலவாணி அங்கே ரீடிங் எடுக்கப் போனபோது, மீட்டர் அறை வாசலில் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் பொன்னுசாமி கையில் கொடிக்கம்பு.

"உள்ள விரியன் கீது மேடம்" என்றார் பொன்னுசாமி. "சொவுத்துல ஏறிகினு கீது. செக்ரட்டரி சார் அடிக்கறதா வாணாவான்னு மீட்டிங் போட்டுகினு கீறாரு."

கோகிலவாணி குடையின் நுனியால் கதவைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள். பழுப்பு உடம்பில் வெளிர் மஞ்சள் வரிகள். சுவரில் நிஜமாகவே ஏறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல முழங்கால் போயிற்று, காதில் ரைஸ்மில் ஓடியது. அதற்கு நடுவே கண் தன் வேலையைச் செய்தது.

"இது விரியன் இல்ல. வெள்ளிக்கோல் வரையன். விஷம் கிடையாது."

"இன்னா மேடம், வரி போட்டுகினு கீது, விரியன் இல்லன்றீங்க?"

"எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க மேடம்?" என்று பக்தவச்சலம் முன்னால் வந்தார்.

அவள் சொன்னாள். பத்தொன்பது வருடத்தில் யாரும் இப்படி வாயைத் திறந்துகொண்டு அவள் பேச்சைக் கேட்டதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொன்னாள். "கழுத்துலேர்ந்தே வரி ஆரம்பிக்குது பாருங்க. வால் பக்கம் போகப் போக மங்கிடும். கட்டுவிரியன் இதுக்கு நேர்மாறு சார். அது பளபளன்னு கறுப்பு. தலைக்குப் பக்கத்துல ஒண்ணும் இருக்காது. ஒரு ஜாண் தள்ளி மெல்லிசா ரெண்டு ரெண்டு கோடா ஆரம்பிச்சு, வாலுக்குப் போகப் போகத் தெளிவா ஆகும். இது பல்லி பிடிக்க மீட்டர் ரூமுக்கு வந்திருக்கு. பாவம், விட்டுடுங்க."

விட்டுவிட்டார்கள். அது ஜன்னல் வழியாகப் போயிற்று. கோகிலவாணி உள்ளே போய், போனில் மீட்டரைப் படிக்கிற கேபிளைச் சொருகி, நாற்பத்தெட்டு மீட்டரையும் வரிசையாக எடுத்தாள். வெளியே பதினைந்து பேரும் அவளைக் கோயில் தேர் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். அன்று சாயங்காலம் சிவகுமாரிடம் அதை இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை பதினைந்து பேர் இருபது பேர் ஆனார்கள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று. அன்று இரவு பக்தவச்சலம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். 'நமது மீட்டர் அறைப் பகுதியில் காணப்படும் வரிப் பாம்பு விஷமற்றது, நண்பன். அச்சம் வேண்டாம். தகவல்: மின்வாரிய அதிகாரி.' முப்பத்தொன்பது பேர் கைகூப்பினார்கள். கழுத்து, வால், ஒரு ஜாண் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

அடுத்த வருடம் ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் அடித்து ஓய்ந்த ஒரு காலை, ஒன்பதே முக்கால் மணிக்குக் கோகிலவாணி அந்தக் குடியிருப்புக்குப் போனாள். பக்தவச்சலம் கேட்டிலேயே காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கையில் இட்லி மாவு வைக்கிற மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா.

"வாங்க மேடம். உங்க ஃப்ரெண்டு வந்திருக்கார்."

"யாரு சார்?"

"வரையன். மீட்டர் ரூம் வாசல்ல, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில சுருண்டு கிடந்தது. பொன்னுசாமி கம்பு எடுக்கப் போனான். தொடாதேன்னுட்டேன். நானே கிச்சன்லேர்ந்து இடுக்கி எடுத்துட்டு வந்து பிடிச்சேன். இடுக்கி வழுக்கிடுச்சு, அப்புறம் கையாலயே எடுத்துப் போட்டேன். ரொம்ப சாது மேடம், தலையைச் சுருட்டி உடம்புக்கு அடியில வெச்சுக்கிச்சு, கூச்ச சுபாவம்."

டப்பா வெளிறிய பிளாஸ்டிக். வெளிச்சத்துக்கு எதிரே அவர் அதைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருந்தது மழையில் நனைந்த தார் ரோடு மாதிரி பளபளவென்று கறுத்திருந்தது. தலைப்பக்கம் ஒன்றுமில்லை. ஒரு ஜாண் தள்ளி வெள்ளைக் கோடுகள் மெலிதாக, இரண்டு இரண்டாக ஆரம்பித்தன. வாலுக்குப் போகப் போகத் தெளிவாயின.

கோகிலவாணியின் முகத்தில் வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை.

"டப்பாவைக் கீழ வைங்க சார்" என்றாள்.

"ஏன் மேடம்?"

"கீழ வைங்க. பொன்னுசாமி அண்ணா, மூடி மேல ஒரு செங்கல் வைங்க."

பொன்னுசாமி இரண்டு செங்கல் வைத்தார். "சார், இது கட்டுவிரியன்" என்றாள் கோகிலவாணி.

"இல்ல மேடம். வரையன். நீங்களே சொன்னீங்களே."

"கையைக் காட்டுங்க."

"கை ஒண்ணும் ஆகல மேடம். லேசா ஒரு கொசு."

வலது கட்டைவிரலுக்குக் கீழே, சதை பருத்த இடத்தில், கடுகளவு இரண்டு புள்ளிகள். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. பாம்பைப் பிடித்த கை என்று தெரியாவிட்டால் யாரும் கொசுக்கடி என்றே விட்டுவிடுவார்கள்.

"எத்தனை மணிக்குப் பிடிச்சீங்க?"

"எட்டு அம்பது. பால் பாக்கெட் எடுக்க வந்தப்போ. வலியே இல்ல மேடம். விஷப் பாம்பு கடிச்சா வலிக்காதா?"

"இது கடிச்சா வலிக்காது சார். அதான் அதுகிட்ட இருக்கற கெட்ட குணம். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"டிபன் சாப்பிட்டுட்டு..."

"இப்பவே."

அவருடைய மனைவி சந்திரிகா தோசைத் திருப்பியோடு பால்கனியில் வந்து நின்றாள். பொன்னுசாமி அதற்குள் கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். "கைய இறுக்கிக் கட்டிடலாம் மேடம். பிளேடு வெச்சு ஒரு கீறு. எங்க மாமன் ஒருத்தன் செங்கல்பட்டாண்ட கீறான், மந்திரிச்சான்னா சர்ருனு எறங்கிடும்."

"கட்டக் கூடாது, கீறக் கூடாது, மாமனையும் கூப்பிடக் கூடாது. ஒரு ஆட்டோ மட்டும் கூப்பிடுங்கண்ணா. சார், நீங்க நடக்காதீங்க. அந்த நாற்காலியிலேயே உட்காருங்க."

பத்தொன்பது வருடத்தில் அவள் இவ்வளவு உத்தரவு போட்டதில்லை. பக்தவச்சலம் வாழ்நாளில் இவ்வளவு உத்தரவு கேட்டதில்லை. ஆச்சரியத்தில் உட்கார்ந்துவிட்டார். வந்த ஆட்டோவில் பொன்னுசாமியும் இன்னொருவரும் அவரை நாற்காலியோடு தூக்கி ஏற்றப் பார்த்து, நாற்காலி நுழையாமல் ஆளை மட்டும் ஏற்றினார்கள். ஒரு பக்கம் சந்திரிகா, இன்னொரு பக்கம் கோகிலவாணி. கிளம்புவதற்கு முன் கோகிலவாணி டப்பாவைப் படம் எடுத்து எட்மண்டுக்கு அனுப்பி, குடியிருப்பின் பெயரையும் போட்டாள். பொன்னுசாமி டப்பாவுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பெருங்களத்தூர் தாண்டும்வரை பக்தவச்சலம் வாதாடினார். இது வீண் அலைச்சல் என்றார். ஆட்டோக்காரர் மீட்டர் போடவில்லை என்றார். இரும்புலியூரில் ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் நின்றபோது, இந்த மேம்பாலத்தை எப்படிக் கட்டியிருக்க வேண்டும் என்று விளக்கினார். தாம்பரம் வந்தபோது பேச்சில் 'ல'வும் 'ர'வும் குழைந்தன.

"கண்ணு சொக்குது" என்றார். "ராத்திரி மழைச் சத்தத்துல சரியா தூங்கல."

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். இமை இரண்டும் கடை ஷட்டர் மாதிரி பாதி இறங்கியிருந்தன. அவர் அவற்றைத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியாமல் தலையைப் பின்னால் சாய்த்து அந்த இடுக்கு வழியாக அவளைப் பார்த்தார்.

"சார், ஏ பிளாக்ல எத்தனை வீடு?"

"பதி... னாறு."

"பி பிளாக்?"

"அதுவும்."

"சி பிளாக்?"

அவர் வாயைத் திறந்தார். நாக்கு வரவில்லை. சந்திரிகா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இவர் பதில் சொல்லாம விட்ட கேள்வியை நான் பார்த்ததே இல்ல" என்றாள் மெதுவாக. பிறகு அழ ஆரம்பித்தாள். ஆட்டோக்காரர் யாரும் சொல்லாமலே ஹாரனில் கையை வைத்தார். சானடோரியத்திலிருந்து குரோம்பேட்டைவரை எடுக்கவே இல்லை.

அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கோகிலவாணி மூச்சு விடாமல் சொன்னாள். "கட்டுவிரியன். எட்டு அம்பதுக்குக் கடிச்சது. கட்டு போடல. இமை இறங்கி அஞ்சு நிமிஷம் ஆகுது, பேச்சு போயிடுச்சு."

பணியிலிருந்த பெண் டாக்டர் சின்ன வயது. பக்தவச்சலத்தின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துக்கொண்டே கேட்டார். "பாம்பை நீங்க நேர்ல பார்த்தீங்களா? வரையனைப் பார்த்துட்டு கட்டுவிரியன்னு நிறைய பேர் ஓடி வருவாங்க."

"தெரியும் டாக்டர். இவர் கட்டுவிரியனைப் பார்த்துட்டு வரையன்னு நின்னுட்டாரு."

டாக்டர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். நர்ஸிடம் மருந்தை எடுக்கச் சொன்னார். விஷமுறிவு மருந்து பாட்டில் பாட்டிலாக ஏறியது. பதினொன்றரை மணிக்கு மூச்சு தடுமாறியது. பன்னிரண்டு மணிக்குத் தொண்டையில் குழாய் வைத்து மூச்சு இயந்திரத்தில் போட்டார்கள். அவருடைய மூச்சை அது விடத் தொடங்கியது.

வெளியே பெஞ்சில் சந்திரிகாவும் கோகிலவாணியும் உட்கார்ந்திருந்தார்கள். எட்மண்டிடமிருந்து பதில் வந்தது. 'ஆமா. எடுத்துட்டேன்.' அவரைப் பொறுத்தவரையில் அது நீளமான கடிதம்.

"நான்தாங்க காரணம்" என்றாள் கோகிலவாணி. "நான் சொன்னது தப்பில்ல. ஆனா பாதிதான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. வரியைச் சொன்னேன். எனக்கு எவ்வளவு பயம்னு சொல்லல. நான் பயந்து நின்னதை நீங்கல்லாம் தைரியம்னு நினைச்சீங்க. நானும் சும்மா இருந்துட்டேன், நல்லாத்தான் இருந்தது."

சந்திரிகா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவருக்குப் பயம் வரவைக்க நான் முப்பத்தெட்டு வருஷமா பாக்கறேன். உங்களால ஒரு நாள்ல முடியுமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இருவருமே சாப்பிட்டிருக்கவில்லை. கேன்டீனில் இரண்டு பொங்கல் வாங்கி, பாதிக்கு மேல் இறங்காமல் மூடி வைத்தார்கள்.

மறுநாள் ஆபீசில் மேலதிகாரி கூப்பிட்டார். "நேத்து நாப்பத்தெட்டு சர்வீஸ் எடுக்கலையே, ஏம்மா?"

"பாம்பு கடிச்சிடுச்சு சார்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஐயையோ, எங்கம்மா?"

"எனக்கில்ல சார். செக்ரட்டரிக்கு."

அவர் திரும்ப உட்கார்ந்தார். "சரி, வேற ஒரு நாள் எடுத்துக்கோங்க" என்றார்.

பக்தவச்சலம் மூன்று நாள் இயந்திரத்தில் கிடந்தார். கோகிலவாணி தினமும் வேலை முடிந்து மின்சார ரயிலில் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனாள். நான்காம் நாள் கண் திறந்தது. தொண்டையில் குழாய் இன்னும் இருந்ததால் பேச முடியாமல், சைகையில் பேப்பர் கேட்டார். கடவுளே, என்ன எழுதப் போகிறாரோ என்று சந்திரிகா கையைப் பிசைந்தாள். 'மீட்டர் ரூம் பூட்டியாச்சா' என்று எழுதினார்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். குரல் மட்டும் ஒரு மாதத்துக்குக் கரகரவென்று இருந்தது. அந்த மாதம் நடந்த சங்கப் பொதுக்கூட்டம் குடியிருப்பின் வரலாற்றில் முதல்முறையாக இருபது நிமிடத்தில் முடிந்தது. வாட்ஸ்அப் குழுவில் அவர் புதிய செய்தி போட்டார். 'எல்லாப் பாம்பும் கொடிய விஷமுள்ளது.' இதற்கும் முப்பத்தொன்பது பேர் கைகூப்பினார்கள்.

இது கோகிலவாணியின் காதுக்கு எட்டியது. இந்த முறை அவள் சும்மா இருக்கவில்லை. அவர் வீட்டுக்கே போனாள். சந்திரிகா காபி கொடுத்தாள்.

"அதுவும் தப்பு சார். இப்படிப் போட்டா எல்லாத்தையும் அடிச்சிடுவாங்க. எலி பெருகும். எலி பெருகினா நிஜமான ஆளுங்க வருவாங்க."

"அப்ப என்னதான் மேடம் போடறது?" கரகரத்த குரலில் கேட்டார். முன்பெல்லாம் அவர் கேள்வி கேட்டால் பதிலும் அவரே சொல்வார். இப்போது கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"எந்தப் பாம்பா இருந்தாலும் தொடாதீங்க. தள்ளி நில்லுங்க. இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. அவ்வளவு போதும் சார். பேர் தெரியணும்னு அவசியமே இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். எழுதியதை அவளிடம் காட்டி, "இவ்வளவுதானா? ஏதாவது விட்டுட்டேனா?" என்று இரண்டு முறை சரிபார்த்தார். கீழே எட்மண்டின் எண். அதற்குக் கீழே, 'தகவல்: மின்வாரிய அதிகாரி' என்று எழுதப் போனவரை அவள் தடுத்தாள்.

"அதிகாரி இல்ல சார். கணக்கீட்டாளர். பேரைப் போடுங்க. கூடவே, அவங்களுக்கும் பயம்தான்னு போடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கா?"

"இப்பக்கூட அந்த செருப்பு ஸ்டாண்டைத் தாண்டித்தான் வந்தேன். கை பாருங்க."

காபி டம்ளர் டபராவில் மெலிதாகக் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. பக்தவச்சலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வரியையும் எழுதிச் சேர்த்தார்.

மார்கழியில் அவள் ரீடிங் எடுக்க வந்தபோது, மதில்மேல் படர்ந்திருந்த காகிதப்பூச் செடியில் ஒரு பாம்பு கிடந்தது. மெல்லிசு. கழுத்தைவிடத் தலை அகலம். முதுகில் ஏதோ வளைந்து வளைந்து கோலம் போட்ட மாதிரி. குடியிருப்பில் பாதிப் பேர் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். ஆனால் எல்லோரும் இருபதடி தள்ளி, கயிறு கட்டிய மாதிரி வரிசையாக நின்றார்கள்.

"இது இன்னா மேடம்?" என்றார் பொன்னுசாமி. கையில் கம்பு இல்லை.

கோகிலவாணி கூர்ந்து பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் பார்த்த எல்லாவற்றையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

"தெரியல" என்றாள்.

கூட்டம் சொல்லி வைத்தாற்போல இன்னும் நாலடி பின்னால் போனது. பக்தவச்சலம் ஆறடி போனார். அவள் படம் எடுத்து எட்மண்டுக்கு அனுப்பினாள். அவர் அப்போது வேலூரில் தங்கை மகள் கல்யாணத்தில் இருந்தார். சாயங்காலம்தான் பதில் வந்தது. 'பூனைப் பாம்பா இருக்கலாம். படம் ஆடிடுச்சு.'

அதற்கு வெகு நேரம் முன்பே அந்தப் பாம்பு செடியிலிருந்து மதிலின் மறுபக்கம் இறங்கி, ஏரிப் பக்கம் போய்விட்டிருந்தது. கூட்டம் கலைந்தது. கோகிலவாணி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். முழங்கால் திரும்பி வந்ததும் போய் ரீடிங் எடுத்தாள்.